உப்பு கொஞ்சம் கூட

மந்தைவெளி ரயில் நிலையத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்சில் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"உன் பொண்ண உப்பு போட்டு துன்னச் சொல்லுன்னு டாக்டரே சொல்ட்டாருக்கா."

"இன்னாடி, திட்டுனாரா?"

"இல்லக்கா, வைத்தியமே அதான். மத்த டாக்டருங்க எல்லாம் படுக்க வெச்சுப் பாத்து, ஒண்ணுமில்லன்னு அனுப்சாங்க. இவரு எழுப்பி நிக்க வெச்சு, நாடி புடிச்சுக்கினே இருந்தாரு. நின்னா நெஞ்சு எகிறுதாம். அதான் ஸ்கூல்ல பிரேயர்ல நிக்கும்போது மயங்கி வுழுறா. வயசுப் புள்ளைங்களுக்கு வருமாம். ஏதோ நீளமா பேரு சொன்னாரு. தண்ணி நெறைய குடிக்கணும், உப்பு கொஞ்சம் கூட சேக்கணும்னாரு."

"அப்ப நடிக்கல."

"நடிக்கலக்கா."

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. இருவரும் எழவில்லை.

"காலைல எந்திரிக்க மாட்டா. 'உப்பு போட்டுத்தான சோறு துன்ற, ரோசம் வேணாமா?'ன்னு தெனம் கேப்பேன்."

"பெத்தவ வாயி, எல்லாரும் சொல்றதுதான்."

"நேத்து டாக்டர் சொன்னாப்புல உப்பு கூடப் போட்டுக் குடுத்தேன். துன்னு முடிச்சுட்டு, 'இப்ப ரோசம் வருதா பாரும்மா'ன்னா."

"சிரிச்சுக்கினே சொன்னாளா?"

"இல்லக்கா."