டப்பாவுக்குள்ள மாட்டின ஃபோல்டர்

அந்த டிராயரை இழுக்காதீங்கண்ணே, கையோட வந்துடும். ரெண்டு வருஷமா சொல்றோம், ஒரு ஸ்க்ரூ போட ஆளில்ல. இங்க எதைத் தொட்டாலும் இப்படித்தான். அந்த டீ மிஷினைப் பாருங்க, குழாய் வாயில பாசி. அதுல குடிச்சுட்டுத்தான் மேனேஜர் எங்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தருவான். த்தூ.

உங்க தங்கச்சி சாமான் இவ்வளவுதான். டம்ளர், சால்வை, குடை. ஆறு வருஷம் வேலை பாத்ததுக்கு ஒரு அட்டைப்பெட்டி கூட ரொம்பல.

என்ன நடந்துச்சா? பெரிய வித்தை ஒண்ணும் இல்லண்ணே. இங்க செயற்கைக் கால் செய்யறோமில்ல, வர்றவங்க காலை ஸ்கேன் பண்ணி அளவை ஃபைலா வெப்போம். அதைத் திருத்துற ப்ரோக்ராமை இழுக்க எங்க கம்ப்யூட்டருக்குத் தெம்பு கிடையாது. அது எங்கேயோ இருக்குற பெரிய மிஷின்ல, ஒரு கன்டெய்னருக்குள்ள ஓடும். டப்பான்னு வெச்சுக்கங்களேன். வேண்டியதெல்லாம் உள்ள இருக்கும், வேலை முடிஞ்சா டப்பாவோட கடாசிடலாம். ஆனா ஃபைலு இங்க, இந்த மேஜைக்கடியில இருக்குற கம்ப்யூட்டர்ல. அதனால இங்க இருக்குற ஃபோல்டரை அந்த டப்பாவுக்குள்ள மாட்டிவிடணும். மாட்டிட்டா, உள்ளேருந்து பாக்க அதுவும் டப்பாவோட சொத்து மாதிரியே தெரியும்.

அங்கதான் வினை. படிக்க மட்டும்னு மாட்டணும். அழிக்கலாம்ங்கிற மாதிரி மாட்டியாச்சு. அப்புறம், தூக்கிப் போடற டப்பாதானேன்னு உள்ள கெடந்ததை மொத்தமா அழிச்சாச்சு. அழிஞ்சது இங்கண்ணே. நானூத்திப் பன்னெண்டு பேரோட கால்.

காப்பியா? நல்லா கேட்டீங்க போங்க. காப்பி எடுக்குற டிஸ்க் நாலு மாசமா நிரம்பிக் கெடக்கு. மேனேஜருக்குத் தெரியும். விசாரணையில அதைப் பத்தி மூச்சு விடணுமே? யார் லாகின்ல அழிஞ்சுதுன்னு மட்டும் பாத்தான். உங்க தங்கச்சியோடது. பத்து நிமிஷத்துல சீட்டைக் கிழிச்சுட்டான். சுத்தி ஒம்பது பேர் உக்காந்திருந்தோம், ஒருத்தரும் வாயைத் தொறக்கல. மறுநாள், கம்பை ஊனிக்கிட்டு மறுபடி அளவு குடுக்க வந்து நின்னாங்கண்ணே சனங்க.

இல்லண்ணே, அவ எதுவும் பேசல. ஒரே ஒரு தடவை நிமிந்து என்னைப் பாத்தா. நான் மேஜையைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

என்னை எதுக்குப் பாத்தாளா? அன்னைக்கு என் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சு. ‘என் சீட்லயே உக்காந்து முடிச்சுடுங்க’ன்னு தன் லாகினைத் தொறந்தபடி விட்டுட்டு அவ சாப்பிடப் போனா. மாட்டினது, அழிச்சது எல்லாம் நான்தான். அவ வீட்ல சொல்லியிருப்பான்னுல்ல நெனச்சேன்.

அண்ணே, குடை. குடையை விட்டுட்டுப் போறீங்க.