ஒரு பாட்டில் பாசித் தண்ணி

அந்த பாட்டிலை மொதல்ல பைக்குள்ள வைங்கண்ணே. கோபமெல்லாம் இல்ல. காலையில இருந்து நீங்க எத்தனாவது ஆளுன்னே தெரியல. வாட்ச்மேன் வேற, அம்மா மனசு வெச்சா கொடுப்பாங்கன்னு எல்லாரையும் என்கிட்டயே ஏவி விடறாரு. நான் என்ன பால்பூத்தா நடத்துறேன்?

பேப்பர்ல படிச்சிருப்பீங்க, தெரியும். பாசியில இருந்து வைரஸுக்கு மருந்துன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டாங்க. மருந்துன்னு போடாதம்மா, ஆராய்ச்சின்னு போடுன்னு அந்த நிருபர் பொண்ணுகிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே.

இந்தக் கண்ணாடி வழியா பாருங்க. உள்ள வேணாம், உங்க செருப்புத் தூசி போதும், ஒரு மாச உழைப்பு நாறிப்போயிடும். குடுவையில பச்சையா கொதிக்கிற மாதிரி தெரியுதுல்ல? கொதிக்கல, காத்து விடறோம். ஒவ்வொண்ணாப் பார்த்தா கண்ணுக்கே தெரியாத பாசி அது. அந்தப் பச்சைதான் மருந்துன்னு ஊரே நெனச்சிட்டிருக்கு. அதை நாங்க வடிகட்டித் தள்ளிடுவோம்ணே. அது வளர்ந்த தண்ணியில வழவழன்னு ஒண்ணை விட்டிருக்கும், கலரே இருக்காது, அதுதான் எங்களுக்கு வேணும். போன வாரம் ஒருத்தர் பின்பக்கமா போய், கொட்டறதுக்கு வெச்சிருந்த பச்சையை வாளியோட தூக்கிட்டுப் போயிட்டாரு. சிரிக்காதீங்க, அதை யார் வாயில ஊத்தினாரோ தெரியல.

அந்த வழவழப்பு வைரஸ் மேல போய் அப்பிக்கும். அப்புறம் வைரஸால நம்ம உடம்புச் செல்லுல ஒட்ட முடியாது, அவ்வளவுதான். அதுவும் கண்ணாடித் தட்டுல வளர்க்கிற செல்லுல பார்த்தது. எலிக்குக்கூட இன்னும் கொடுக்கல. முன்னாடியே இருந்தாத்தான் தடுக்கும்ணே. வைரஸ் உள்ள போய் உட்கார்ந்துட்டா தட்டுலயே இது ஒண்ணும் பண்ணல. உங்க பையனுக்கு நெஞ்சு வரைக்கும் எறங்கிடுச்சுன்னு நீங்களேதானே சொன்னீங்க.

கொடுத்துப் பார்த்தா என்னவா? ரத்தம் உறையாம போனாலும் போகலாம். எவ்வளவு கொடுக்கணும்னே யாருக்கும் தெரியாத ஒண்ணை, மூச்சு வாங்கற கொழந்தைக்கு ஊத்தச் சொல்றீங்க.

நேத்து ஒருத்தர் நீங்க நிக்கற இதே இடத்துல நின்னு கத்தினாரு. கல்நெஞ்சக்காரி, இத்தனை வருஷமா இதைக் கட்டிக்கிட்டு அழுதியே, எதுக்குடின்னாரு. எனக்கும் அதே எரிச்சல்தான். கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, எடுத்து நீட்ட முடியல. இந்தக் குடுவையையெல்லாம் போட்டு உடைக்கணும்போல இருக்கு சில நேரம்.

சொந்தப் புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவேனான்னு கேக்கறீங்க. கேளுங்க, தப்பில்ல.

கொஞ்சம் இருங்க, கோட்டைக் கழட்டி மாட்டிட்டு வரேன். நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், என் வண்டியிலயே வந்துடுங்க. அங்க ஒருத்தர் என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிப்பாரு, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து கத்தினார்னு சொன்னேனே, அவர்தான். எங்க வீட்டுக்காரர். ஜன்னலோரத்துல படுத்திருக்கான்னீங்களே, உங்க பையனுக்கு அடுத்த கட்டில்ல ரெட்டை ஜடையோட ஒருத்தி இருக்கால்ல, அவ எங்க பொண்ணு.