வெள்ளையம்மா கழுவிய மாடுகள்

மாட்டுக்கு உண்ணி ஏறினால் முதலில் பால்தான் குறையும். இதை நான் எங்கும் படிக்கவில்லை. நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடம் மாட்டுப்பட்டியை மேற்பார்த்ததில் தெரிந்துகொண்டது. பதினொரு பசுக்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தவன் நான்தான், இன்ஸ்பெக்டர் ஐயா.

மிருக வைத்தியர் எழுதித் தந்த மருந்து நல்லதுதான். ஆனால் அதைப் பூசினால் சில நாள் பாலைக் கீழே ஊற்றிவிட வேண்டும் என்றார். காலையில் வரும் பால் லொறியை வெறுமனே திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஸ்டோரில் பழைய பூச்சிமருந்து ஒரு கேன் கிடந்தது. மரக்கறிப் பாத்திகளுக்கு அடித்தது, பிறகு தடைசெய்துவிட்டார்கள். லேபிளில் மண்டையோடு போட்டிருந்தது. ஆட்கள் வீணாகப் பயப்படுவார்களே என்று அதைச் சுரண்டி எடுத்தேன்.

மாடு கழுவுகிறவள் வெள்ளையம்மா. வேப்பெண்ணெய் கலந்த தண்ணீர் என்று சொல்லி வாளியை அவளிடம் கொடுத்தேன். உண்ணிகள் உதிர்ந்து விழுந்தன. நான்காம் நாள் என்னிடம் வந்து நின்றாள்.

"ஐயா, கண்ணு மங்கலா தெரியுதுங்க. வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கு. கைக்குப் போட கிளவுஸ் ஏதும் இருந்தா குடுங்களேன்."

"வேப்பெண்ணெய்க்கு எதுக்கு கிளவுஸ்? இன்னும் மூணு மாடு கெடக்கு. முடிச்சிட்டுப் போ."

கிளவுஸ் என் அலமாரியில் இருந்தது. கொடுத்தால் வாளியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கியிருப்பாள்.

இரண்டாவது மாட்டருகில் விழுந்தாள். வாயில் நுரை தள்ளியது. நான் கிளவுஸைப் போட்டுக்கொண்டு கேனை மறைத்தேன், வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். அதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், என்ன குடித்தாள் என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டுச் சண்டையில் எதையோ குடித்துவிட்டாள், பெயர் தெரியாது என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். பெயர் தெரிந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் தலையாட்டி மறுத்தேன். பொழுது சாய்வதற்குள் இறந்துவிட்டாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பெண் பூச்சிமருந்து குடித்தாள் என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

மகள் மல்லிகா கேட்டாள். பத்தொன்பது வயது.

"எங்கம்மா ஏங்கய்யா குடிச்சாங்க? என்னய ஒரு தடவ நெனச்சுப் பாக்கலையா?"

அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"ஒன்ன நெனச்சுத்தான் குடிச்சா. கொழும்புக்கு வேலைக்குப் போவேன்னு அடம்புடிச்சியே, அதுலதான் அவ மனசு ஒடஞ்சிருச்சு."

மல்லிகா கொழும்புக்குப் போகவில்லை. பட்டியில் ஆள் இல்லாமல் இருந்தது. தாயின் வேலையை அவளுக்கே கொடுத்தேன். அதே கேன்தான். அது என்ன செய்யும் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

முந்தாநாள் அவளும் விழுந்தாள். அவளைத் தூக்கி வந்தவர்கள் நான் தடுப்பதற்குள் வாளியையும் எடுத்து வந்துவிட்டார்கள். டாக்டருக்கு விளங்கிவிட்டது. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

தெரிந்தே கொடுத்தேன், தாய்க்கும் மகளுக்கும். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மல்லிகா கண் விழித்துவிட்டாளாம். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அவளுடைய அம்மா குடிக்கவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தன்னால்தான் என்று அந்தப் பிள்ளை ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுபடியும் அழவைத்தால் பாவம், என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.