மேஸ்திரியை மறக்காத மாடு

“எங்க ஊட்டு மாடு இன்னும் உங்களையே நெனச்சுட்டு இருக்குதுங்க மேஸ்திரி.”

அறுபதுகளில் ஒரு காலை, ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இந்தப் பேச்சு காதில் விழுந்தது. சொன்னவர் நூல் மில்லில் வேலை பார்க்கும் வெண்ணந்தூர்ப் பக்கத்து விவசாயி. பக்கத்தில் இருந்தவர், அந்த மில் தொடங்கியபோது உள்ளூர் ஆட்களுக்கு வேலை பழக்கிவிட்டு மதுரைக்கே திரும்பிப் போன மேஸ்திரி. ஏதோ கல்யாணத்துக்கு வந்திருந்தாராம்.

“அப்பெல்லாம் ஆறு மணிக்கு மில் சங்கு ஊதுவோம். ஆறரை வரைக்கும் ஒருத்தரும் வர மாட்டீங்க. வெளியூர் ஆளுகளை எடுக்கணும்னு கடுதாசியே எழுதி வச்சுட்டேன் செங்கோடா.”

“மாட்டைக் கறக்காம எப்படிங்க வாரது? அது வேத்துக் கைக்குப் பால் எறக்காதுங்களே.”

“நீ அதைச் சொன்ன பிறகுதான் கடுதாசியைக் கிழிச்சேன். சங்கை ஆறரைக்கு மாத்தினேன். அப்புறம் ஒருத்தரும் பிந்தலை. மிஷின்ல சத்தம் லேசா மாறினாக்கூட உங்க காதுக்குத்தான் முதல்ல கேட்கும். அந்த மாதிரி ஆளுகளை நான் பிறகு எங்கேயும் பார்க்கலை.”

பஸ் மல்லூரைத் தாண்டியது.

“புது மேஸ்திரி சங்கை மறுபடியும் ஆறுக்கே மாத்திப்புட்டாருங்க.”

“இப்ப ஆளுக வர்றாங்களா?”

“நாங்க பழகிட்டோமுங்க. ஆறு மணிக்கு எல்லாரும் உள்ள நிப்போம். மாடுதான் பழகலீங்க. அஞ்சரைக்குப் போய் உக்காந்தா உதைக்குது. உங்க நேரத்துக்குத்தான் பால் எறக்குவேன்னு நிக்குதுங்க.”