தூளா, மழையா?

அவையின் தலைவராய் அமர்ந்திருக்கும் அண்ணன் மாசிலாமணி அவர்களே! பண்ணை வளர்த்துப் பழுத்த பெரியோர்களே! கோழிக்கு இரை வைத்த கையோடு கூடி வந்திருக்கும் தாய்மார்களே! திண்டிவனத்தில் திரண்டிருக்கும் தோழர்களே! வல்லத்துச் சூசை மேரியின் வணக்கம்!

தெளிவாகப் பேசுவாள் என்று அழைத்தீர்கள். நானோ, நானோ தூளால் குழம்பி நிற்கிறேன்!

போன சித்திரை வெயிலில் என் முட்டைக்கோழிகள் வாய்பிளந்து இரைத்தன. இட்ட முட்டை தொட்டாலே உடைந்தது. அப்போது கடைக்காரர் தந்தார் துத்தநாக நானோ தூள். கண்ணுக்கே தெரியாத நுண்துகளாம். தீவனத்தில் கலந்தால் ஓடு உறுதிப்படுமாம். நம்புவதா? நகைப்பதா? சோதிப்போம் என்றேன். கிழக்குக் கொட்டகைக்குத் தூள்; மேற்குக் கொட்டகைக்கு வெறும் தீவனம்.

வைகாசியில் கிழக்கே ஓடு கெட்டியானது, களித்தேன். மேற்கேயும் கெட்டியானது, திகைத்தேன்! தின்றதும் தேறியது, தின்னாததும் தேறியது என்றால், தேற்றியது எது?

கால்நடை மருத்துவர் வெனிலா வந்து பார்த்தார்.

"மேற்கால கொட்டாய்க்கு யாருங்க தீவனம் வைக்கிறது?"

என் கணவர் இன்னாசிராஜ் தலையைச் சொறிந்தார். "நான்தாங்க. அதுங்க எளைச்சிக்கினு கெடக்குது. தூள கையில வச்சிக்கினு எப்டிங்க சும்மா பாக்கறது? அதுலயும் கலந்துட்டேன்."

சிரிக்காதீர்கள் ஐயா! முன்வரிசையில்தான் இருக்கிறார், முகம் சிவக்கிறது.

"அப்போ தூளுதான் காப்பாத்திச்சா டாக்டர்?" என்று பாய்ந்தேன்.

"ஓடு கெட்டியான அதே வாரம் மழை பேஞ்சி சூடும் தணிஞ்சிடுச்சேம்மா. எதுன்னு எனக்கும் தெரியல."

கோபம் வந்ததா? வந்தது. கோழிக்காகக் கலங்கிய மனிதரை எப்படிக் கோபிப்பது? அவருடைய இரக்கம் கோழியைக் காத்ததோ, தெரியாது. என் சோதனையைக் கலைத்தது, நிச்சயம்!

"மேரி, மறுபடி வச்சிப் பாப்போம். இந்தத் தபா கலக்க மாட்டேன்" என்றார். இந்தக் கோடையில் அதே சோதனையை மீண்டும் வைத்திருக்கிறோம். கோழி தவித்தால் உடனே நிறுத்துவோம். ஆனால், ஒரு பண்ணையின் விடை ஊருக்குப் போதுமா?

என்ன சொல்கிறீர்கள், அண்ணன் பெரியதம்பி? "எங்க கொட்டாயிலயும் வச்சிப் பாக்கறேம்மா" என்கிறீர்களா? கை தட்டுங்கள் தாய்மார்களே!

விற்பவர் புகழ்ந்தார் என்று வாங்கிக் கொட்டாதீர்கள். புதியது என்பதற்காகப் பழிக்காதீர்கள். அளவு மீறினால் அதே தூள் கேடாகலாம் என்கிறார் மருத்துவர். தெரியாது என்று சொல்ல வெட்கமா? இல்லை! தெரியாததைத் தெரிந்ததுபோல் வாயில்லா உயிருக்கு ஊட்டுவதே வெட்கம்! கேட்போம்! சோதிப்போம்! கண்டதைக் கண்டபடி சொல்வோம்!

குழப்பத்தையும் காதுகொடுத்துக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!