பசு உதைத்த சந்தோஷம்

"இன்னைக்குப் பசு என்னைய உதைச்சுருச்சுக்கா!" என்று முழங்காலைத் தேய்த்தபடி சிரித்தாள் இளையவள். தாயில்பட்டியிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"உதைச்சதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?" என்றாள் மூத்தவள்.

"நாலு நாளாப் படுத்த படுக்கையாக் கெடந்துச்சுக்கா. காய்ச்சல். மூத்திரம் காப்பி நிறத்துல போச்சு. என் சேலையில ஒட்டுன வெடிமருந்தை நக்கித்தான் இப்படி ஆச்சுன்னு வீட்டுல ஒரே ஏச்சு. நானும் அப்படித்தான் நெனைச்சு அழுதேன். முந்தாநாள் மாட்டு டாக்டர் வந்து காது மடலைப் புரட்டுனாக. உள்ள கொத்துக் கொத்தா உண்ணி! அது கடிச்சு வர்ற காய்ச்சலாம்க்கா. ஊசி போட்டாக, இன்னைக்கு எந்திரிச்சு உதைக்குது!"

மூத்தவள் சிரிக்கவில்லை.

"மூத்திரம் காப்பி நிறமாவா போச்சு?"

"ஆமாக்கா."

"எங்க பசுவுக்கும் அப்படித்தான்டி போச்சு. அது செத்ததுல இருந்து எங்க வீட்டுக்காரரு என்னையத் தொழுவத்துப் பக்கமே விடல."

கம்பெனி கேட்டில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கேட் தெரிந்ததும் மூத்தவள் அவசரமாகப் போனை எடுத்தாள். பேசியது வேன் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, நம்ம பசுவைக் கொன்னது நான் இல்லைங்க! உண்ணிங்க!"