மாப்பிள்ளைக்கு என்ன வேலை

— வாத்தியார் வேலைன்னுதானே தம்பி சொன்னே? எந்த கிளாஸுக்குன்னு நான்தான் கேக்காம வுட்டுட்டேன்.

— ஒன்றரை வயசுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் மாமா. உட்காருங்க, அந்தக் குட்டி ஸ்டூல் தாங்கும்.

— குந்த வரல. என் பொண்ணு தனக்கோடியைக் கட்டிக்கப் போற ஏகநாதன் எம்.எஸ்ஸி படிச்சவருன்னு இரும்புலியூர் முச்சூடும் சொல்லி வெச்சிருக்கேன். நேத்து டீக்கடையில ஒருத்தன் கேக்கறான், 'இன்னா பொன்னுரங்கம், உன் மருமவன் ஆயா வேலை பாக்குதாமே'ன்னு. பேஜாரா பூட்ச்சு.

— எம்.எஸ்ஸி நிஜம்தான். குழந்தை வளர்ச்சி பத்தின படிப்பு. பரோடா போய்ப் படிச்சேன்.

— கொழந்தை அதுபாட்டுக்கு வளருது. அதுக்கு ஒரு படிப்பா?

— நானும் அப்படி நெனச்சுதான் போனேன். கிளாஸ் முழுக்கப் பொண்ணுங்க, நான் ஒருத்தன். ஊருக்கே திரும்பிடலாம்னு பெட்டி கூடக் கட்டிட்டேன்.

— வந்திருக்கலாமே.

— அன்னிக்குன்னு பார்த்து, நாங்க பயிற்சிக்குப் போன பால்வாடியில ஒரு குழந்தை வாயைத் திறந்துச்சு மாமா. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாத குழந்தை. தண்ணி கேட்டுச்சு, எங்கிட்ட.

— ம்... அந்தப் பையன் ஏன் கேட்டைப் புடிச்சிகினு அழுவறான்?

— துரை. புதுசா சேர்ந்திருக்கான். அவங்கம்மா சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துல எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க.

— ஒரு முட்டாய் குடுத்து இட்டாந்துடு. இல்லாட்டி பூச்சாண்டி வரான்னு சொல்லு.

— ரெண்டும் வேணாம். நான் போய் அவன் பக்கத்துல உட்கார்றேன். நீங்களும் வாங்களேன்.

— மண்ணுலயா? சலவை வேட்டிப்பா.

— துரை, அம்மா இல்லைன்னு அழுகையா வருதா? அழு கண்ணா. சாயந்திரம் அம்மா வருவாங்க. அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்.

— அழுவறதுக்குச் சொல்லித் தரவா சம்பளம்?... இன்னா தம்பி, சொம்மா குந்திகினு கீறே? எவ்ளோ நேரம் இப்படி?

— அவனுக்குப் போதும்னு தோணற வரைக்கும்.

— தள்ளு, நானும் குந்தறேன். கால் கடுக்குது... அட, என் துண்டைப் புடிச்சிகினான்.

— அசையாதீங்க மாமா. அவனா வரட்டும்.

— மடியில ஏறிட்டான்பா. மூக்கை வேற தொடச்சிகினான். நாளைக்கும் அழுவானா?

— அழுவான், கொஞ்சம் கம்மியா. போகப் போக அம்மாவுக்கு டாட்டா சொல்லிட்டு விளையாட ஓடிடுவான்.

— நான் இவ்ளோ பேசறேன், எதிர்த்து ஒரு வார்த்தை வரலியே. எதுக்கு வந்தேன்னு தெரியுமா உனக்கு?

— தெரியும். தனக்கோடி போன் பண்ணாங்க.

— இன்னா சொல்லிச்சு?

— 'அப்பா சம்பந்தத்தை முறிக்க வராரு. வாதாடாதீங்க, உங்க வேலையைப் பாருங்க'ன்னு.

— சொல்லும், சொல்லும். என் பொண்ணாச்சே.

— நீங்க என்ன முடிவெடுத்தாலும் நான் குத்தம் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா இந்த வேலையை விட மாட்டேன்.

— மெதுவா பேசுங்க, தூங்கறான். வெளியே கார்ல என் மச்சான் ஜெயவேலு குந்திகினு கீறான். நீங்க நிச்சயத்துக்கு வெச்ச பொடவை, மோதிரம் எல்லாம் திருப்பிக் குடுக்கலாம்னு எடுத்தாந்தோம். அதெல்லாம் எங்க வூட்டுக்கே திருப்பி எடுத்துகினு போவச் சொல்லுங்க மாப்ளே. இவன் எழுந்ததும் நான் பஸ்ல வந்துக்கறேன்.